ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

தட்டச்சுப் பொறியில்
ஐந்தும் ஆறும் அடுத்தடுத்த வீடு.
ஒரு விரல் படி மாறி ஏறிவிட்டது.
அன்று எனக்குச் சளி, காய்ச்சல்,
மேசையில் இன்னும் பதினெட்டுக் கோப்பு.

டாக்டர் கிந்தேலா கையால் எழுதியது 296.
நான் அடித்தது 295.
அந்த வாரமே அவரை
அங்கோலாப் போருக்கு அழைத்துக்கொண்டார்கள்.

பெயர்: ஜுல்மீரா. வயது முப்பத்தொன்று.
ஊர் மத்தோசின்யோஸ். வேலை
மத்தி மீன் அடைக்கும் ஆலையில்
டின்களுக்கு லேபிள் ஒட்டுவது.
சேர்த்த காரணம்: ஒன்பது நாளாகத் தூக்கமில்லை,
ஓயாத பேச்சு,
கடனுக்கு ஏழு குடை வாங்கித்
தெருவில் போனவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

எண்ணைப் பார்த்து மருந்து வந்தது.
மருந்தால் ஒரு நடை வந்தது,
கை வீசாத நடை, தரையைத் தேய்க்கும் நடை.
நடையைப் பார்த்து
அடுத்து வந்த டாக்டர் வரேலா சொல்லச் சொல்ல அடித்தேன்:
"இந்நோய்க்கே உரிய நடை."

சிரித்தாள்: பொருத்தமற்ற சிரிப்பு.
சிரிக்கவில்லை: மழுங்கிய உணர்ச்சி.
வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள்:
தன் நோயை அறியாதவள்.
ஏழு குடை, முதல் தாளில் அளவுமீறிய தாராளம்.
மூன்றாம் வருடம் அதே ஏழு குடை
விசித்திரமான எண்ண ஓட்டம்.
எல்லாம் நான் அடித்ததுதான்.
ஒரு எழுத்துப் பிழை இல்லை.

நான்காம் வருடம்
அலமாரி மாற்றும்போது குண்டூசி கழன்று
கிந்தேலாவின் தாள் என் காலடியில் விழுந்தது.
மசி மங்கவேயில்லை. ஆறு ஆறாகவே இருந்தது.
இரண்டு இரவு வைத்துப் பார்த்தேன்.
மூன்றாம் நாள் வரேலாவிடம் போனேன்.
அவர் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்தார்,
கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
"கிந்தேலா அவசரக்காரர்.
உன் விரல் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது.
பார், நாலு வருடக் குறிப்பும்
ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகிறது!"

பொருந்தாமல் என்ன செய்யும்.

பிறகு ஒடேத் என்றொரு பெண் டாக்டர் வந்தாள்.
கோப்பைத் திறக்காமல்
முன்மதியம் முழுக்க ஜுல்மீராவோடு உட்கார்ந்திருந்தாள்.
எண் கட்டத்தில் கேள்விக்குறி போட்டாள்.
அப்படியே அடித்து அனுப்பினேன்.
லிஸ்பனிலிருந்து திரும்பி வந்தது:
கட்டத்தில் இலக்கம் மட்டுமே ஏற்கப்படும்.
ஒடேத் மறுவருடம் இல்லை.

கடைசியில் ஜுல்மீராவிடமே சொன்னேன்.
துணி உலர்த்தும் முற்றம்.
அவள் நகத்தால் மரக்கிளிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
மன்னிப்பு என்ற சொல்லை
வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன், வாய்க்கு வரவில்லை.

அவள் சொன்னாள்:
"ஒரு தடவை ஆலையில்
கடலை எண்ணெய் டின்னுக்கெல்லாம்
ஆலிவ் எண்ணெய் லேபிளை ஒட்டிவிட்டோம்.
நாலாயிரம் டின்.
பிரான்ஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது,
இந்தமுறை ஆலிவ் மணம் அபாரம் என்று."
அவ்வளவு பெரிய சிரிப்பை
அந்த முற்றம் கேட்டதில்லை.
பொருத்தமானதா என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

"ஆறு என்றால் வேறு மாத்திரையா?"
வேறு, என்றேன்.
"அதற்கும் கை நடுங்குமா?"
நடுங்கும் என்கிறார்கள்.
"அப்போ எது சரி?"
தெரியவில்லை, ஜுல்மீரா.
என் விரல் தவறியது தெரியும்.
கிந்தேலாவின் விரல்
தவறவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஈரப் போர்வையின் மறுமுனையை நீட்டினாள்,
பிடித்துக்கொண்டேன், முறுக்கினோம்.
"அந்தக் குடைக் கடனை யார் கட்டினார்கள்?
அதையாவது பார்த்துச் சொல்."

அன்று மாலை அறையைப் பூட்டிக்கொண்டு
கோப்பு முழுக்கத் தேடினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தூக்கம், மலம், எடை, எண்,
எண், எண்.
கடன் இல்லை.
கடைக்காரன் பெயர் இல்லை.
அவள் குடை கொடுத்த அன்று
போர்ட்டோவில் மழை பெய்ததா என்றுகூட
எவரும் எழுதியிருக்கவில்லை.